எல்மோரின் நிறம்

"பையைத் திற," என்றாள் ஏர்லீன், சவப்பெட்டி இருந்த அறையின் வாசலை மறித்துக்கொண்டு.

ஒடெசா தோள்பையை இறுக்கிப் பிடித்தாள். "ரெண்டு நிமிஷம் பாத்துட்டுப் போயிடறேன்க்கா."

"பாக்கவா வந்தே, வரையவா?"

ஒடெசா ஓவியக்காரி. நம் கறுப்பு ஜனங்களின் கதையை உள்ளபடி சொல்கிறேன் என்று மொபீல் நகரத் தெருவெல்லாம் அலைகிறவள். போன வருஷம் ஏர்லீனின் தம்பி எல்மோரை வரைந்தாள். அதுவும் எப்படி? பனியனோடு, வீங்கின காலை உப்புத்தண்ணீர் வாளியில் விட்டுக்கொண்டு! கண்காட்சியில் வெள்ளைக்காரர்கள் ஒயின் குடித்துக்கொண்டே அதைப் பார்த்தார்களாம். எல்மோர் விழுந்து விழுந்து சிரித்தான். ஏர்லீனுக்கு மானம் போயிற்று. செத்தவனையும் விடமாட்டாளா இவள்?

"திறடி."

பைக்குள் நோட்டும் இல்லை, பென்சிலும் இல்லை. முகப்பவுடர் டப்பாக்கள், பழுப்பும் கறுப்புமாய் ஒன்பது. இரண்டு தூரிகை.

"இதெல்லாம் எதுக்கு?"

"காலையில பூ வைக்க வந்தப்ப பாத்தேன். கோவிச்சுக்காதீங்க. அது எல்மோர் மாதிரியே இல்லக்கா."

ஏர்லீனுக்குச் சுரீரென்றது. அவளும்தான் பார்த்தாள். சாம்பல் பூசின மாதிரி யாரோ ஒருத்தன் படுத்திருந்தான். சவத்துக்குப் பவுடர் பூசி அலங்கரித்த சவச்சாலைக்காரன் கிரேடியைத் திட்டவும் வழியில்லை. "இந்தப் படத்துல இருக்கிற மாதிரியே வையுங்க" என்று எல்மோரின் பழைய பட்டாளத்துப் படத்தை எடுத்துக் கொடுத்தவள் ஏர்லீனேதான். அந்தக்கால ஸ்டூடியோக்காரன் முகத்தை வெளுப்பாக்கித் தந்த படம். அம்மா அதைத்தான் ஆசையாய்க் கூடத்தில் மாட்டியிருந்தாள்.

"சரி பண்ற சாக்குல மனசுல பதிச்சுக்கிட்டுப் போய் வரைவே. எனக்குத் தெரியாதா?"

"வரைய மாட்டேன்னு சத்தியம் பண்ணட்டுமா?"

"உன் சத்தியம் யாருக்கு வேணும்? பத்து மணிக்கு சபை மொத்தமும் வந்துடும். சீக்கிரம் பண்ணு."

ஒடெசாவின் கைகளைக் கண்கொத்திப் பாம்பாய்ப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். நெற்றி, கன்னம், மூக்கு. வெளுப்பு போய்ப் பழுப்பு ஏறியது.

"போதுமாக்கா?"

ஏர்லீன் குனிந்து பார்த்தாள்.

"அவன் இதைவிடக் கறுப்பு," என்றாள். "இடது கன்னம் இன்னும் கறுப்பு. முப்பது வருஷம் பஸ் ஓட்டினானே, டிரைவர் ஜன்னல் இடது பக்கம், வெயிலும் அந்தப் பக்கம்தான்."

ஒடெசா கடைசி டப்பாவைத் திறந்தாள். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்.

"இருங்க," என்றாள் ஏர்லீன், திரும்பாமலே.