அத்தான் மாட்டிய வைப்பர்

அத்தான் தன் வாயாலேயே, நாலு பேர் காதில் விழும்படி, 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல வேண்டும். ஒரு மாதமாக மெக்கானிக்குக்கு வேறு ஆசையே இல்லை.

அக்கா புருஷனின் இருபத்தெட்டு வயதுக் காருக்கு அடியில் படுத்துப் படுத்தே அவன் முதுகு தேய்ந்திருந்தது. ஆனால் ஆபீசில் அத்தான் அளக்கும் கதைகளில் "நானே பிரிச்சு நானே மாட்டினேன்"தான். போன மாதம் வீட்டுக்கு வந்த எட்டு அதிகாரிகளிடம், "இவன் என் மச்சினன். நான் வேலை பார்க்கும்போது ஸ்பானர் எடுத்துக் குடுப்பான்" என்று சொல்லி, முதுகில் வேறு தட்டிக்கொடுத்தார். தட்டின இடம் இன்னும் எரிந்தது.

இன்று கொட்டுகிற மழையில் அதே கார் ஊர்ந்து ஊர்ந்து ஒர்க்‌ஷாப்புக்குள் வந்து நின்றது. முன்சீட்டில் அத்தானின் டைரக்டர். வைப்பர் இரண்டும் படுத்த படுக்கை.

"ஒண்ணுமில்லை சார், ரெண்டு நிமிஷம். நானே பார்த்துடறேன்." அத்தான் சட்டைக் கையை மடித்துவிட்டார். "டேய், ஸ்பானர் குடுடா."

கொடுத்தான். ரொம்பப் பணிவாக, இரண்டு கையாலும்.

அத்தான் சுவிட்சைப் போட்டதுமே அவனுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. உள்ளே மோட்டார் உறுமுகிறது, வைப்பர் அசையவில்லை. அப்படியென்றால் இரண்டையும் இணைக்கிற கம்பி கழன்றிருக்கிறது.

"ஃபியூஸ் போயிடுச்சு சார்," என்றார் அத்தான்.

"மோட்டார் சத்தம் கேக்குதே?"

"அது... அந்த மாதிரி ஃபியூஸ் சார்."

வைப்பர் கைகள் இரண்டையும் கழற்றி, எக்ஸ்ரே பார்க்கும் டாக்டர் மாதிரி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அதற்குள் மெக்கானிக் கண்ணாடிக்குக் கீழிருந்த மூடியைத் திறந்து, கம்பி முனையைப் பிடிக்கும் பிளந்துபோன பிளாஸ்டிக் புஷ்ஷைத் தூக்கிப்போட்டுப் புதியதைப் போட்டு, கம்பியை 'டக்'கென்று அழுத்தி மாட்டிவிட்டான்.

"நான் சொன்ன இடம்தான் சார்," என்றார் அத்தான். சுவிட்சைப் போட்டார், கைகளை மாட்டும் தண்டுகள் இரண்டும் இப்படியும் அப்படியும் திரும்பின. திருப்தியாகச் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார்.

அங்கேதான் கோளாறு. வைப்பர் சுவிட்சை அணைத்தால் மோட்டார் தன் இடத்துக்கு வந்து நிற்கும். சாவியை அணைத்தால் பாதி வழியிலேயே நின்றுவிடும். அந்த நிலையில் கைகளை மாட்டினால் வைப்பர் கண்ணாடியைத் தாண்டி இறங்கும். சொல்லத்தான் மெக்கானிக் வாயெடுத்தான்.

"நீ தள்ளுடா. இதெல்லாம் பழகின கை செய்யணும்."

வாயை மூடிக்கொண்டான். அவ்வளவு இனிப்பாக அவன் அதை மூடியதே இல்லை.

அத்தான் வைப்பர் கைகளைக் கீழே படுக்கவைத்து மாட்டி, நட்டை முறுக்கி, சாவியைத் திருப்பினார். இரண்டு வைப்பரும் கண்ணாடியை விட்டு இறங்கி, அவர் ஞாயிறுதோறும் பாலிஷ் போடும் பானெட்டில் மடேர் மடேர் என்று அறைந்தன. அவர் பதறி அணைப்பதற்குள் பெயின்ட்டில் இரண்டு நீளக் கோடு.

"என்னய்யா இது?" என்றார் டைரக்டர்.

"இவன்தான் சார். எப்பவும் அவசரம்." இத்தனை வருஷத்தில் ஒரு வேலையை மச்சினன் பேரில் அவர் எழுதியது அன்றைக்குத்தான்.

"நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தானே உட்கார்ந்திருக்கேன். மாட்டினது நீங்க."

அத்தான் காலரைத் தளர்த்தினார். "எனக்கு... இதெல்லாம் தெரியாது சார்."

"என்ன அத்தான்? தகரத்துல மழை விழுது, கேக்கலை."

"தெரியாதுன்னேன்டா."

"சார் காதுக்கும் எட்டணுமில்ல."

"எனக்குத் தெரியாது."

பக்கத்துப் பஞ்சர் கடைக்காரரே திரும்பிப் பார்த்தார். மெக்கானிக் அதற்கப்புறம்தான் வைப்பர் கைகளைக் கழற்றிவிட்டு வண்டிக்குள் கைவிட்டான். சுவிட்சைப் போட்டு, சுவிட்சாலேயே அணைத்து, தண்டுகள் தம் இடத்துக்கு வந்து நின்றதும் கைகளை மாட்டினான். வைப்பர் சத்தமில்லாமல் கண்ணாடியைத் துடைத்தது. அணைத்துவிட்டுச் சாவியை உருவிக்கொண்டான்.

"அப்ப, இவர் ஆபீஸ்ல சொன்ன கிளட்ச், பிரேக் எல்லாம்?" என்று கேட்டார் டைரக்டர்.

"மச்சான், சாருக்கு நேரமாச்சுப்பா," என்றார் அத்தான். குரல் தேனாக இருந்தது. "சாவியைக் குடு."

மெக்கானிக் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு ஸ்டூலை டைரக்டர் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மழை விடட்டும் சார். கிளட்ச்லேருந்தே ஆரம்பிக்கிறேன்."