ரெஜிஸ் சுற்றிய சுற்று

என் தங்கை ஜோசியானின் கணவன் ரெஜிஸால் சொந்த வீட்டுச் சமையலறையைக் கடக்க முடியாமல் போனபோது அவனுக்கு அறுபத்திரண்டு வயது. மேசையிலிருந்து கதவுக்கு ஆறு எட்டுதான். ஐந்தை எப்படியோ வைத்துவிடுவான். கதவுநிலை வந்ததும் பாதங்கள் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னால் சாயும், கால் மட்டும் வராது. ஜோசியான் எதிரே நின்று இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுவாள். சில நாள் மூன்றில் கால் எழும். சில நாள் நாற்காலியைக் கொண்டுவந்து அங்கேயே உட்கார வைப்பாள். பார்கின்சன் என்று துலூஸில் மருத்துவர் பெயர் சொல்லி அப்போது நான்கு வருடமாகியிருந்தது.

அந்த மே மாதம் ஒரு நாள் நான் குடியிருக்கும் ஃபிஜாக்கிலிருந்து சைக்கிளில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசல் மதிற்சுவர் ஓரம் உட்கார்ந்திருந்த ரெஜிஸ் என் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், என்னைத் தூக்கி இதுமேல வை."

"கிறுக்கா மாப்ள உனக்கு? விழுந்து வைப்ப."

"கக்கூஸ் போறப்ப நேத்து ரெண்டு தடவ விழுந்தேன். அதுக்கு இது கொஞ்சம் மரியாதையான விழுகையா இருக்கும்ல."

ஜோசியான் கடைக்குப் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் நடந்திருக்காது. அவனை மதிலில் சாய்த்து நிறுத்தி, வலது காலை நானே தூக்கிச் சீட்டுக்கு அந்தப் பக்கம் போட்டேன். முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே பத்தடி ஓடினேன். பிறகு ஓட வேண்டியிருக்கவில்லை. அவன் போய்க்கொண்டிருந்தான். தோள் ஆடவில்லை, கை நடுங்கவில்லை. இருபத்தைந்து வயதில் செலே ஆற்றங்கரைச் சாலையில் எங்கள் எல்லோரையும் பின்னால் விட்டுப் போன அதே முதுகு. வளைவில் உடம்பைச் சாய்த்துத் திரும்பி மறைந்தான். என்னிடம் வேறு சைக்கிள் இல்லை. சைக்கிள் ஷூவின் அடி டக் டக்கென்று ஒலிக்க நடுரோட்டில் இங்குமங்கும் நடந்தேன். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவனால் நிறுத்த முடியாது என்று. நிறுத்தினால் கால் கீழே இறங்காது. ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து நிறுத்தினேன். சைக்கிளை விட்டு இறங்கியதும் பாதம் மறுபடியும் தரையோடு ஒட்டிக்கொண்டது.

துலூஸ் மருத்துவரிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "நடக்கிறதுக்கு மூளையில ஒரு வழி, மிதிக்கிறதுக்கு வேற வழி. ஒண்ணு அடைச்சிருச்சு, இன்னொண்ணு இப்போதைக்குத் திறந்திருக்கு" என்றார். எவ்வளவு நாளைக்கு என்று ஜோசியான் கேட்டாள். "ஓட்டட்டும், ஆனா தனியா வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று மூவருக்கும் தெரிந்தது.

இரண்டு கோடைக்காலம் செவ்வாயும் வெள்ளியும் போனோம். மதிலோரம் அவனுடைய பழைய சைக்கிளில் ஏற்றிவிடுவேன். திரும்பி வரும்போது கடைசி இருநூறு மீட்டரில் நான் முந்திப் போய், என் சைக்கிளைப் புல்லில் எறிந்துவிட்டு, கையை விரித்து நிற்பேன். அவன் நேராக என் மார்பில் வந்து மோதுவான். ஜோசியான் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். வெளியே வரமாட்டாள்.

போகும்போது ஆறு இடப்பக்கம் இருக்கும், வலப்பக்கம் செங்குத்தான வெள்ளைப் பாறை. நடுவில் ஒரு கார் போகிற அகலம்தான் சாலை. அவன் குரல் அப்போதே அடங்கத் தொடங்கியிருந்தது. ஆனாலும் என் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டு ஏதாவது சொல்லிக்கொண்டே வருவான்.

"உன் பின்னாடி வந்தா காத்தே இல்ல மச்சான். உன்னை இவ்வளவு அகலமாக்கின ஜோசியான் சமையலுக்குத்தான் நன்றி சொல்லணும்."

"நீ முன்னாடி போயேன் மாப்ள, பாக்கலாம்."

"நோயாளிய இப்படித்தான் வேலை வாங்குவியா?"

முன்னால் போவான். எனக்கு மூச்சு வாங்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஏற்றத்தில் இருக்கும்போது, "இப்ப எனக்கு ஒண்ணும் இல்ல, தெரியுமா? இந்த ஒன்றரை மணி நேரம் ஒண்ணுமே இல்ல" என்றான். இறங்கின பிறகு என்ன ஆகிறது என்று இருவருக்கும் தெரியும். சந்தோஷமாக ஓட்டிய நாள் மாலையில்தான் அவன் அதிகம் அழுவதாக ஜோசியான் ஒரு தடவை சொன்னாள். அதற்காக ஓட்டாமல் இருக்கச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. ஓட்டச் சொல்லவும் வரவில்லை.

இரண்டாம் வருடம் செப்டம்பரில் அது நடந்தது. வீட்டிலிருந்து பதினான்கு கிலோமீட்டரில், பாறை சாலைமேல் கவிந்து நிற்கிற இடத்தில், என் பின்சக்கரம் பஞ்சரானது. இறங்கிவிட்டேன். அவன் என்னைக் கடந்து போனான். அந்தக் குறுகல் சாலையில் அவனால் திரும்பவும் முடியாது, நிற்கவும் முடியாது.

"அடுத்த ஊரு லா கோம்பு சதுக்கத்துக்குப் போ மாப்ள. நினைவுத்தூணைச் சுத்திக்கிட்டே இரு. அஞ்சு நிமிசத்துல வந்துடறேன்" என்று கத்தினேன். கையை உயர்த்திக் காட்டிவிட்டு வளைவில் மறைந்தான்.

ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலைதான். புது டியூபைப் போட்டுக் காற்றடிக்கும்போது பம்பு இழுத்து வால்வு வேரோடு பிய்ந்தது. என்னிடம் இருந்தது அந்த ஒரு டியூப். பழையதை எடுத்து ஆற்றில் இறங்கி, தண்ணீரில் முக்கி ஓட்டையைத் தேடினேன். முதல் ஒட்டு ஈரத்தில் பிடிக்கவில்லை. போனை எடுத்தேன், அந்தப் பாறையடியில் சிக்னல் கிடையாது. வந்த ஒரே காரை மறிக்கப் பார்த்தேன், ஓட்டியவன் ஹாரன் அடித்துக்கொண்டே போய்விட்டான். இரண்டாவது ஒட்டு பிடித்துக் கிளம்பும்போது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

லா கோம்பு சதுக்கத்தில் கஃபே வாசலில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ரெஜிஸ் நினைவுத்தூணைச் சுற்றிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் அவர்கள் கை தட்டினார்கள். ஒருவர் சத்தமாக எண்ணினார். நான் நுழையும்போது எண்ணிக்கை நூற்றுப் பதினொன்று. வெளியூர்ப் பெண் ஒருத்தி போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு தடவை அவர்களைக் கடக்கும்போதும் அவன் உதவி கேட்டிருக்கிறான். "பிடிங்க" என்று சொல்லியிருக்கிறான். அந்தக் குரல் அவன் உதட்டைத் தாண்டவில்லை. முகமும் அந்த நோயில் இறுகிப்போயிருந்தது. பயம் அதில் தெரியாது, வேறெதுவும் தெரியாது. எதையோ ஜெயிக்கப் போகிறவன் முகம் மாதிரி இருந்ததாம். ஒருவர் அவனுக்கு ஒயின் கோப்பையைத் தூக்கிக் காட்டினாராம்.

அவன் அரைக்கால் சட்டை தொடைவரை நனைந்திருந்தது. அது வியர்வையில்லை என்று கிட்டத்தில் போனபோதுதான் தெரிந்தது.

நான் என் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். வழக்கம்போல் கையை விரித்தேன். ஆனால் அவனிடம் பிரேக்கை அழுத்தும் வலுகூட மிச்சமில்லை. இருவரும் சேர்ந்து கல்பாவிய தரையில் விழுந்தோம். அவனுடைய இடது மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கை தட்டியவர்கள் எழுந்து ஓடி வந்தார்கள். எண்ணியவர், "எங்களுக்குத் தெரியாதுங்க, சத்தியமா தெரியாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நல்ல மனிதர். தன் கோட்டைக் கழற்றி ரெஜிஸின் இடுப்பில் போர்த்தினார். ரெஜிஸ் அவரைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"ரெண்டு டியூப் எடுத்துட்டு வந்திருக்கணும் மாப்ள" என்றேன்.

உதடு அசைந்தது. காதைக் கொண்டுபோனேன்.

"எத்தனை சுத்து?"

சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜோசியான் என்னைத் திட்டவில்லை. "இனிமே வேண்டாம் அண்ணா" என்றாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

மணிக்கட்டு டிசம்பரில் கூடியது. அதற்குள் உடம்பில் மற்றதெல்லாம் குன்றிவிட்டிருந்தது. படுக்கையை முன்னறைக்குக் கொண்டுவந்தோம். கரண்டி பிடிக்க வரவில்லை. ஏப்ரலில் ஒரு மதியம், வெயில் நன்றாக அடித்த நாள், ஜோசியானே என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"ஒரு தடவ ஏத்தி விடு அண்ணா. வாசல்லயே. நான் ஒரு பக்கம் பிடிச்சுக்கிறேன்."

இருவரும் சேர்ந்து அவனைச் சீட்டில் வைத்தோம். கைகளை ஹேண்டில்பாரில் வைத்தோம், பாதங்களை மிதியில் வைத்தோம். தள்ளினோம். ஐந்தடி, பத்தடி, இருபதடி. சக்கரம் உருண்டது, மிதி அசையவில்லை. அவன் பாதம் கதவுநிலையில் எப்படி இருக்குமோ அப்படி மிதியில் இருந்தது.

"மிதிடா ரெஜிஸ்" என்று ஜோசியான் மெதுவாகச் சொன்னாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் அவள் அவனை 'டா' போட்டு நான் கேட்டதில்லை.

அவன் கீழே தன் கால்களைப் பார்த்தான். வேறு யாருடைய கால்களையோ பார்ப்பதுபோல் நெடுநேரம் பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான். இறக்கிவிட்டோம். ஜோசியான் அவன் முகத்தைத் துடைத்தாள், பிறகு அதே துண்டால் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டாள்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் அவன் பக்கத்தில் போய் உட்காருகிறேன். போவதற்கு முன் தனியாக ஓட்டிவிட்டு, வீட்டில் குளித்து, வேறு உடை போட்டுக்கொண்டு, காரில் போகிறேன். போன வாரம் அவன் கண்ணைத் திறந்து என் பக்கம் திருப்பினான். குனிந்தேன்.

"எதுவரைக்கும் போன?"

"இப்பல்லாம் போறதில்ல மாப்ள. முழங்கால் வலி."

அவன் பார்வை என் கையில் நின்றது. விரல்கள் மட்டும் வெயிலில் கறுத்து, சைக்கிள் கையுறை மறைத்த புறங்கை வெளுத்துக் கிடந்தது. கையைப் போர்வைக்கு அடியில் நகர்த்தினேன்.

"பொய்" என்றான்.

ஜோசியான் சூப் கொண்டுவந்தாள். அவள் ஊட்டி முடிக்கும்வரை நான் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன்.