மூலையில் டோக்கன் நம்பர்

பேரணாம்பட்டில் எங்கள் தெருத் தண்ணீரில் சோறு வடித்தால் மஞ்சளாக இருக்கும். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். சுத்திகரிப்பு மிஷின் வேண்டும் என்று தெருவில் கமிட்டி போட்டு இரண்டு வருடம் நாயாய் அலைந்தோம். கடைசியில் தொண்டு நிறுவனத்திலிருந்து பூவரசன் சார் வந்தார். சமுதாயக் கூடத்துச் சுவரில் பெரிய சார்ட் ஒட்டி நான்கு கட்டம் போட்டார். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல்.

"யாரும் பேர் எழுதாதீங்க. மனசுல இருக்கிறத பயப்படாம எழுதுங்க" என்று ஆளுக்கொரு சீட்டு கொடுத்தார்.

அச்சுறுத்தல் கட்டத்துக்கு நான் எழுதினேன்: 'எங்கள் ஷூ கம்பெனியின் தோல் பதனிடும் ஷெட் கழிவைத் திருட்டுத்தனமாக ஓடையில் விடுகிறது. அதை நிறுத்தாமல் மிஷின் வைத்துப் பிரயோஜனம் இல்லை.'

எழுதிய கை தானாகவே மூலையில் 217 என்று போட்டது. அந்தக் கம்பெனியில் ஒன்பது வருடமாகத் தையல் மிஷினில் உட்கார்ந்தவள் நான். டோக்கன் நம்பர் இல்லாத சீட்டை சூப்பர்வைசர் கிழித்து மூஞ்சியில் எறிவார். போட்டது எனக்கே தெரியவில்லை.

சீட்டுகளை ஒட்டிய சார்ட்டைப் போட்டோ எடுத்த பூவரசன் சார், உதவி கேட்டு எங்கள் கம்பெனிக்கே அனுப்பியிருக்கிறார். என்ன மூளை!

திங்கட்கிழமை மேனேஜர் டேனியல் சார் அந்தப் போட்டோவோடு போனை நீட்டினார்.

"இது உன் நம்பர்தானே மெர்சி?"

"ஆமா சார்."

"மிஷினுக்கு கம்பெனிதான் உதவி பண்றதா இருந்துச்சு. கெடுத்துட்டியே. நாளையிலிருந்து நின்னுக்கோ."

பக்கத்து மிஷின் அம்பிகா, எங்கள் தெருக்காரி, டோக்கன் 218, என்னைவிட அதிகமாக அழுதாள். "நீ எழுதினது நெசம்தான்டி. இன்னா ஆனாலும் நான் இருக்கேன்" என்றாள். ஒன்பது வருடம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள் நாங்கள். நம்பினேன்.

அடுத்த கூட்டத்தில் புது சார்ட். வாய்ப்புக் கட்டத்தில் கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. ஓடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அச்சுறுத்தல் கட்டத்தில் ஒரே ஒரு சீட்டு: 'வாயை அடக்கத் தெரியாதவர்களைக் கமிட்டியில் வைத்தால் தண்ணீர் வராது.'

"எல்லாரும் ஒத்துக்கிறீங்களா?" என்று கேட்டார் பூவரசன் சார்.

கூடமே கை தூக்கியது. அம்பிகாவும் தூக்கினாள். பாவம், அவளுக்கும் வேலை வேண்டுமே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு சார்ட்டுக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அந்தச் சீட்டின் மூலையில், சின்னதாக, 218.