டிராம் இல்லாத ஊர்

கோத்ரின் அந்தக் கேள்வியைக் கேட்டபோது இலிங்காவின் இடது கையில் மட்டும் சாம்பல் நிறக் கம்பளிக் கையுறை இருந்தது. அறையில் பாதிப் பேர் அப்படித்தான் ஒற்றைக் கையுறையோடு உட்கார்ந்திருந்தார்கள். அது ஈவன் கட்சியின் அடையாளம்.

யாஷ் நகரத்துப் புத்தகக் கடை ஒன்றின் மாடியில் ‘மின்னல் பிள்ளைகள்’ தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் ஞாயிறு மதியம் கூடுவது வழக்கம். அமெரிக்கச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் படிக்கும், அபூர்வ சக்தி கொண்ட பிள்ளைகளின் கதை அது. பயந்தால் மறைந்துபோகிறவள் டெஸ்ஸா. சுவருக்கு அப்பால் பேசுவதைக்கூடக் கேட்கிறவன் ஈவன், அதிகம் பேசமாட்டான். பேருந்தைத் தூக்குகிறவன் ப்ராடி. அவன் பேசினாலே சண்டை போடுவதுபோல இருக்கும். டெஸ்ஸா யாருக்கு என்பதில் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை வந்த கடைசிப் பகுதியில் அவள் ப்ராடியை முத்தமிட்டுவிட்டாள்.

ஈவன் கட்சி இழவு வீடுபோல இருந்தது. தலைவி இலிங்காதான். எழுதியவர்களே தங்கள் கதாபாத்திரத்தைக் கொன்றுவிட்டார்கள் என்று அவள் வாதாடினாள். முதல் பருவத்தில், கொட்டும் பனியில், டிராம் நிறுத்தத்தில் ஈவன் தன் கையுறை ஒன்றைக் கழற்றி டெஸ்ஸாவின் கையில் மாட்டிவிட்டானே, அதை வாங்கிக்கொண்ட ஒரு பெண் ப்ராடி பக்கம் திரும்பியாவது பார்ப்பாளா என்று கேட்டாள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அப்போதுதான் ப்ராடி கட்சியிலிருந்து கோத்ரின் எழுந்தான்.

அவனுக்கும் இலிங்காவுக்கும் இடையில் இருந்தது தொடர் மட்டுமல்ல. கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று போன வாரம்தான் அவளிடம் கேட்டிருந்தான். லிஃப்ட் பழுதுபார்ப்பவன். லிஃப்ட் குழிக்குள் நின்று மேல்மாடியில் இருப்பவனிடம் கத்திக் கத்திப் பழகியவன், கல்யாணத்தைக்கூடத் தெருவே திரும்பிப் பார்க்கும்படிதான் கேட்டான். அவன் போன் செய்தால் அவள் போனைக் காதிலிருந்து தள்ளித்தான் பிடிப்பாள். அவனைப் பிடிக்காமல் இல்லை. ஆனால் காலையில் கண் விழித்ததிலிருந்து செருப்புக்கும் உப்புக்கும் கத்துகிற அப்பாவோடு வளர்ந்தவள் அவள். “நீ ப்ராடி. எனக்கு ஈவன் மாதிரி ஒருத்தன் வேணும். எங்க வீட்டுல ஒரு சத்தம் போதும்” என்று சொல்லிவிட்டாள். இன்னொரு முறை யோசி, ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்ததும் பதில் சொல் என்று கேட்டுக்கொண்டு அவன் போய்விட்டான்.

“நம்பர் சொல்லு இலி,” என்றான் கோத்ரின், இப்போது வழக்கத்தைவிட மெதுவாக.

அந்தக் கூட்டத்தின் சட்டம் அது. எந்தக் காட்சியைச் சொன்னாலும் எத்தனையாவது பகுதி என்று சொல்லவேண்டும். கையுறைக் காட்சிக்கு மட்டும் இதுவரை யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் தெரிந்த காட்சிக்கு எதற்கு எண்?

இலிங்கா வாயைத் திறந்தாள். எண் வரவில்லை. ஒருத்தி நான்காவது பகுதி என்றாள், இன்னொருவன் இல்லை, கிறிஸ்துமஸ் பகுதி என்றான். ஆளுக்கொரு போனில் தேட ஆரம்பித்தார்கள்.

“தேடாதீங்கப்பா. நான் முழுசாப் பார்த்துட்டேன்,” என்றான் கோத்ரின். “அந்த ஊருல டிராம் ஏது? மஞ்சள் பஸ்தானே ஓடுது.”

வீட்டு வாசலில் டிராம் ஓடும் ஊர்க்காரர்கள் அவர்கள். பனி என்றாலே அவர்கள் நினைவுக்கு வருவது டிராம் நிறுத்தம்தான். யாருக்கும் உறுத்தவே இல்லை. இலிங்கா அதைப் பார்த்தாளே. ஈவன் பற்களால் கையுறையை இழுத்துக் கழற்றியதுகூட நினைவில் இருக்கிறதே. அந்தப் பையன் செய்யாத ஒன்றை அளவுகோலாக வைத்து ஒரு மனிதனை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்.

பக்கத்தில் தங்கை ஸ்மரண்டாவின் முகம் வெளுத்திருந்தது.

“அக்கா, வெளிய வா,” என்றாள்.

படிக்கட்டில் வைத்து விஷயத்தைச் சொன்னாள். பள்ளியில் படிக்கும்போது, இணையத்தில் ரசிகர்கள் எழுதும் கதைகளோடு, பெயர் போடாமல் அவளும் இந்தக் கையுறைக் காட்சியை எழுதிப் போட்டாளாம். படித்தவர்கள் சொல்ல, கேட்டவர்கள் சொல்ல, கொஞ்ச நாளில் எல்லோர் நினைவிலும் அது தொடரில் வந்த காட்சியாகவே ஆகிவிட்டது. எல்லோரும் ஒற்றைக் கையுறை போட்டுக்கொள்ள ஆரம்பித்த பிறகு அவளுக்குச் சொல்லத் தைரியம் வரவில்லை.

“டிராம் நீ வெச்சதாடி?”

“நான் எங்க வெச்சேன், அங்கதான நடந்துச்சு. நம்ம அப்பாதான் அக்கா, அம்மாவுக்கு மாட்டிவிட்டாரு.”

ஸ்மரண்டா பள்ளியில் படித்த காலத்தில் ஒரு பனி நாளில் நடந்தது அது. கோபோ மேட்டு டிராம் நிறுத்தத்தில், மறுபடியும் கையுறையை மறந்துவிட்டு வந்ததற்காக அப்பா அம்மாவிடம் கத்திக்கொண்டிருந்தாராம். நிறுத்தமே வேடிக்கை பார்த்ததாம். தோழிகளோடு நின்ற ஸ்மரண்டா வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டாள். கத்திக்கொண்டே அவர் பற்களால் ஒரு கையுறையைக் கழற்றி அம்மாவின் கையில் மாட்டிவிட்டு, அம்மாவின் இன்னொரு கையைத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். டிராம் வரும்வரை திட்டு நிற்கவே இல்லை.

“கத்தற ஹீரோவை யாருக்குப் பிடிக்கும்? அதான் சத்தத்தை எடுத்துட்டு ஈவனைப் போட்டேன்,” என்றாள் ஸ்மரண்டா.

இலிங்கா கூட்டத்துக்குத் திரும்பாமல் நேரே வீட்டுக்குப் போனாள். அங்கே சூப்பில் புளிப்புக் குறைந்ததற்காக அப்பா நெகுலாய் கத்திக்கொண்டிருந்தார். அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் அம்மாவைச் சமையலறை மூலைக்கு இழுத்துக்கொண்டுபோய் அந்தக் கையுறையைப் பற்றிக் கேட்டாள். அம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை.

“எந்தத் தடவை?” என்றாள்.

ஒவ்வொரு குளிர்காலமும் அப்படித்தானாம். தான் வேண்டுமென்றே மறப்பதும் உண்டு என்று சொல்லிச் சிரித்தாள்.

“இவ்வளவு கத்தறாரேம்மா.”

“அவரு கத்தறது உங்களுக்குக் கேட்டுச்சு. எனக்குக் கை சூடா இருந்துச்சு.” அம்மா கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்புக்குப் போனாள்.

இலிங்கா ஜன்னலோரம் போனாள். போன மாதம் பனியில் அவள் வழுக்கி விழுந்தபோது கோத்ரின் நகராட்சியையும் அவள் பூட்ஸையும் சேர்த்துத் திட்டியது நினைவுக்கு வந்தது. திட்டிக்கொண்டே தரையில் மண்டியிட்டு அவன் கைகள் அவள் கணுக்காலைத் தடவிப் பார்த்ததும் இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தக் காட்சிக்கு எண் சொல்ல அவளால் முடியும்.

போனை எடுத்தாள்.

“எங்கே போன நீ? பாதிக் கூட்டத்துல எழுந்து போனா என்ன அர்த்தம்? நான் இன்னும் கடை வாசல்லயே நிக்கறேன்,” என்று அவன் குரல் வெடித்தது. பின்னால் டிராம் கடந்துபோகும் சத்தம்.

“போன வாரம் கேட்டியே, அதை மறுபடியும் கேளு.”

“என்ன? கேக்கல. சத்தமாச் சொல்லு.”

சமையலறையிலிருந்து, சூப் ஆறுகிறது, யாரோடு இத்தனை நேரம் பேச்சு என்று அப்பா கத்தினார். இலிங்கா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக அவரைவிடச் சத்தமாகப் பேசினாள்.