பூட்டுக்குச் சொந்தக்காரர்

முப்பத்தோரு வருஷம் காகித ஆலையில் வேலை பார்த்தும் ஒரு விரல்நுனியைக்கூட இயந்திரத்துக்குப் பறிகொடுக்காதவர் மேஸ்திரி. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டுக்கு வந்திருந்த சம்பந்தியிடம் அதைச் சொல்லிப் பத்து விரலையும் விரித்துக் காட்டினார். சம்பந்தி சர்க்கரை ஆலையில் ஓய்வு பெற்றவர். அவருக்கு விரல் ஒன்பதரை. அதனால் மேஸ்திரியின் விரல்கள் தேவைக்கு மேலேயே கொஞ்ச நேரம் விரிந்திருந்தன.

"எங்க குடும்பத்து ஆளால மெஷின் நின்னுதுன்னு ஒரு பேச்சு வந்ததில்ல சம்பந்தி. போன மாசம் வரைக்கும்."

"போன மாசம் என்னாச்சு?"

"என் மச்சினன்."

அடுக்களையில் ஒரு பாத்திரம் வேண்டுமென்றே விழுந்தது.

நடந்தது இதுதான். பழைய காகிதத்தைத் தண்ணீரில் அடித்துக் கூழாக்கும் பெரிய தொட்டி ஒன்று ஆலையில் உண்டு. அடியில் ஆளையே அரைத்துவிடக்கூடிய சுழல்தகடு. அதைக் கழுவ இறங்குகிற ஒவ்வொருவரும் சுவிட்சில் தன் படம் ஒட்டிய பூட்டை மாட்டி, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். கடைசிப் பூட்டு திறக்கும்வரை சுவிட்ச் அசையாது. யாராவது மறந்து போய்விட்டால் பூட்டை வெட்டக் கூடாது. அவரே வந்து, தொட்டிக்குள் ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு, எல்லார் முன்னாலும் தப்பை உரக்கச் சொல்லித் திறக்க வேண்டும். உரக்கச் சொல்வது மட்டும் மேஸ்திரி தாமே சேர்த்தது. அதில் முதலில் மாட்டிக்கொண்டவன் அவர் மனைவியின் தம்பி. அன்றிலிருந்து அவன் அக்கா வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

மனைவி போனை நீட்டினாள். "சார்ஜ்ல கெடந்துது. பதினேழு தடவை கூப்பிட்டிருக்காங்க."

அதற்குள் போன் மறுபடி அடித்தது. "மேஸ்திரி!" என்று கத்தினார் ஆலை இன்ஜினியர். "உயிரோட இருக்கீங்களா?"

"சாப்பிட்டுட்டு உக்காந்திருக்கேன் சார்."

"உங்க பூட்டு இங்க தொங்குது! நீங்க உள்ளதான் இருக்கீங்கன்னு ரெண்டு மணி நேரமா ஆலையே தேடுது."

மேஸ்திரியின் கை சட்டைப் பைக்குப் போனது. சாவி இருந்தது. காலையில் தொட்டியைக் கழுவிவிட்டு, சம்பந்தி வருகிறார் என்று அவசரமாகக் கிளம்பியது நினைவுக்கு வந்தது.

இன்ஜினியர் குரலைத் தாழ்த்தினார். "சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, வெட்டிட்டு மெஷினைப் போட்டுடறேன். விஷயம் ஆலைக்கு வெளியே போகாது."

எதிரே சம்பந்தி காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். 'சரி' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஊருக்கு ஒரு சட்டம், தமக்கு ஒரு சட்டமா? மேஸ்திரி அதை விழுங்கினார்.

"வெட்டாதீங்க. வர்றேன்."

"என்ன, மெஷின் நின்னுடுச்சா?" என்றார் சம்பந்தி, செருப்பை மாட்டிக்கொண்டே. "யாரால?"

"வண்டியில ஏறுங்க, சொல்றேன்."

வழிநெடுக வெயிலைப் பற்றியே பேசினார்.

ஆலையில் ஷிஃப்ட் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். ஒரு முகத்திலும் சிரிப்பில்லை. எல்லாரும் சேமித்து வைத்திருந்தார்கள்.

"மேல இருந்தே டார்ச் அடிச்சுப் பாத்தாச்சு, யாரும் இல்ல. தெறங்க," என்றார் இன்ஜினியர்.

"எறங்கிப் பாக்கணும் சார்."

உள்ளதைச் சொன்னால், தப்பை ஒப்புக்கொள்வதை ஐந்து நிமிஷமாவது தள்ளிப்போடலாம் என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. பூட்டைத் தொடாமல், தொட்டிச் சுவரில் பதித்த ஏணியில் இறங்கினார்.

சுழல்தகட்டுக்குப் பின்னால், மேலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில், முழங்கால் அளவு கூழில் ஓர் உருவம் குனிந்து கம்பால் துழாவிக்கொண்டிருந்தது. மச்சினன்! பக்கத்து இயந்திரத்தின் இரைச்சலுக்காகக் காதை அடைத்திருந்தான். தோளைத் தொட்டதும் அலறித் திரும்பியவன், அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"மாமா! கரைஞ்சே போயிட்டீங்கன்னு நெனச்சேன்!"

மேஸ்திரி அவன் காதிலிருந்த அடைப்பைப் பிடுங்கினார். "உன் பூட்டு எங்கடா?"

"அதான் உங்க பூட்டு தொங்குதே. அது போதாதா?"

மேஸ்திரி தகட்டைப் பார்த்தார். சரியாக அவன் இடுப்பு உயரம். அப்படியே கூழிலேயே உட்கார்ந்துவிட்டார். நல்ல வேட்டி.

மேலே வந்ததும் பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். "பூட்டை மறந்துட்டு வீட்டுக்குப் போனது என் தப்பு."

"சத்தம் பத்தல மாமா," என்றான் மச்சினன்.

மறுபடி சொன்னார், பக்கத்து இயந்திரத்தையும் மீறி. சேமித்த சிரிப்பெல்லாம் அப்போதுதான் செலவானது.

வெளிறிப்போயிருந்த இன்ஜினியர் அறிக்கைத் தாளை எடுத்தார். "உங்க மறதிதான் மேஸ்திரி ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்கு. அப்படியே எழுதிடறேனே?"

குடும்ப மானத்துக்குத் தங்கமான வழி. மேஸ்திரி ஒரு கணம் அதை ஆசையோடுதான் பார்த்தார்.

"வேணாம் சார். மறந்தவன் ஒருத்தன், பூட்டு போடாம எறங்குனவன் ஒருத்தன், வெட்டறேன்னு சொன்னவர் ஒருத்தர். மூணையும் எழுதுங்க."

மச்சினன் சட்டையைப் பிழிந்தான். "அதெல்லாம் சரி மாமா. நான் எறங்குனதை அக்காகிட்ட யார் சொல்றது?"

மேஸ்திரி யோசித்தார். அப்புறம் இருவரும் ஒன்றாகச் சம்பந்தி பக்கம் திரும்பினார்கள்.

சம்பந்தி இரண்டடி பின்வாங்கினார். "என்னை இழுக்காதீங்க. நான் சர்க்கரை ஆலைக்காரன்."