காணாமல் போன அரை ஆம்பியர்

இது நடந்தது ஐம்பத்தாறிலா ஐம்பத்தெட்டிலா என்று எனக்கு நிச்சயமில்லை. சிவசாமியின் மீசையைக்கூடப் பிற்பாடு நானே ஒட்டியிருக்கலாம். கணக்கில் மட்டும் பிசகில்லை. வேண்டுமானால் நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலை ஆலையின் டைனமோவைப் பார்த்துக்கொண்டவன் சிவசாமி. டைனமோ கொடுத்தது நூற்றுப் பதினைந்து வோல்ட். தோட்ட மானேஜரான பெரிய துரை தன் பங்களாவுக்குச் சீமையிலிருந்து தருவித்த ஹீட்டரோ இருநூற்று முப்பது வோல்ட்டுக்குச் செய்தது. மாட்டினால் கம்பி வெட்கப்பட்டதுபோல் லேசாகச் சிவந்தது, அவ்வளவுதான். துரையின் மனைவி துரைசாணிக்கு மலைக்குளிரில் கால் விறைத்தது. துரைக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. நேரே இஞ்சின் ரூமுக்கு வந்தார்.

“பாதி வோல்ட்டுக்குப் பாதிச் சூடு வரணும். கால்வாசிதான் வருது. மிச்சத்தை நீ லயத்துக்குக் களவா குடுக்கிறே. நாளைக்கு உனக்குப் பத்துச்சீட்டு.”

பத்துச்சீட்டு வாங்கினால் வேலை போகும். வேலையோடு, தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் குடியிருக்கும் காம்பிராவும் போகும். சிவசாமி யோசிக்க ஆரம்பித்தால் பக்கத்திலிருப்பவர் ஒரு பீடி குடித்து முடித்துவிடலாம். பிறகு சாக்குக்கட்டியை எடுத்துச் சுவரில் எழுதினான். 

“ஹீட்டர் தகட்டில ஆயிரத்து நூத்தம்பது வாட்டுன்னு இருக்குங்க. இருநூத்து முப்பதால வகுத்தா அஞ்சு ஆம்பியர். அந்த வோல்ட்ட அஞ்சால வகுத்தா கம்பியோட தடை, நாப்பத்தாறு ஓம். தடை மாறாதுங்க. இப்ப நம்ம நூத்துப் பதினஞ்ச நாப்பத்தாறால வகுங்க. ரெண்டரை ஆம்பியர். வோல்ட்டும் பாதி, கரண்டும் பாதி. பாதியில பாதி காலுதானுங்க.”

துரைக்குக் கணக்குப் பிடித்துப்போயிற்று. அதைச் சரிபார்க்கப் பங்களாவுக்குப் போன் போட்டு, ஹீட்டரைத் தவிர எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார். சமையல்கார நல்லமுத்து அணைத்தான். துரை குனிந்து, பங்களாக் கம்பியின் ஆம்பியர் மீட்டரைப் பார்த்தார்.

முள் மூன்றில் நின்றது.

பங்களாக் கம்பி சிவசாமியின் லயத்துக் கூரைக்கு மேலேதான் போகிறது. பெண்டாட்டி நாகலெட்சுமியின் நச்சரிப்புத் தாங்காமல் இரண்டு மாதம் முன்பு அதிலிருந்து ஒரு பல்பு இழுத்திருந்தான். ஜன்னலில்லாத காம்பிராவில் அது பகலிலும் எரியும். ஊர்க் கணக்கெல்லாம் போட்டவன் தன் திருட்டைக் கூட்ட மறந்துவிட்டான்.

துரை சாக்குக்கட்டியை வாங்கினார். “அரை ஆம்பியர் கூட. நூத்துப் பதினஞ்சால பெருக்கினா அம்பத்தேழரை வாட். அறுபது வாட் பல்பு. நல்லா சொல்லிக் குடுத்தே.”

கம்பி போன வழியே துரை சிவசாமியை லயத்துக்கு நடத்திப் போனார். காம்பிராவில் ஐந்து பெண்கள் பல்பின் கீழ் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“இது யார் வெளிச்சம்?” என்றார் துரை.

“தொரையோடதுதாங்க,” என்றாள் நாகலெட்சுமி. “பகல்ல அங்க சும்மாதானே கெடக்கு.”

சிவசாமி மெல்லச் சொன்னான்: “ஹீட்டர் கம்பிய நடுவுல வெட்டி, ரெண்டு துண்டையும் தனித்தனியா லைன்ல மாட்டினா முழுச் சூடு வருமுங்க. துண்டுக்கு இருபத்துமூணு ஓம், அஞ்சு ஆம்பியர்.”

“வெட்டத் தெரிஞ்சவருக்குப் பத்துச்சீட்டுக் குடுத்துட்டா,” என்றாள் நாகலெட்சுமி, “தொரைசாணி அம்மாவுக்குக் காலு யாருங்க புடிச்சுவிடுறது? தொரையா?”

பெண்கள் முறத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். துரை அறுபது வாட்டை அளந்துவிட்டார். துரைசாணியின் கோபத்தை அளக்கத்தான் மீட்டர் இல்லை.

“போய் வெட்டு,” என்றார்.

பல்பை அன்றைக்கே கழற்றிவிட்டார்கள். ஹீட்டர் முழுச் சூடு தந்தது; சிவசாமிக்கு வேலை போகவில்லை. இரண்டு வருஷத்தில் துரையும் துரைசாணியும் சீமைக்குப் போனார்கள். நல்லமுத்து டிக்கோயாவில் சாப்பாட்டுக்கடை வைத்தான். சிவசாமி அதே இஞ்சின் ரூமில் கடைசிவரை இருந்து, அறுபத்து நாலில் நெஞ்சுச் சளியில் இறந்தான். நாகலெட்சுமி ஹட்டனில் மகளோடு இருக்கிறாள்.