கிளிப்பில் நின்ற தூரம்

கொழுந்தன் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, என் கணவரின் தூண்டில் ரீலை அதன்மேல் வைத்து, கையில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தான். பழைய நரம்பை வெட்டி எறிந்துவிட்டுப் புதியது சுற்றப் போகிறானாம். வெயிலில் வெளுத்துப்போன நைலான், ஒரு நல்ல மீன் இழுத்தால் தாங்காது என்றான். தடுக்க எனக்குக் காரணம் எதுவும் இல்லை. அவர் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. அலமாரியில் கிடந்த ரீலை எடுத்துக்கொள்ளச் சொன்னதே நான்தான்.

தேநீரை வைக்கக் குனிந்தபோது அது கண்ணில் பட்டது. நரம்பு சுற்றும் உருளையின் விளிம்பில் சுண்டுவிரல் நகத்தளவுக்கு ஒரு கிளிப் இருக்கும். நரம்பின் நுனி அவிழாமலிருக்க அதில் செருகி வைப்பார்கள்; அதற்குமேல் அதை யாரும் சட்டை செய்வதில்லை. ஆனால் இந்த ரீலில் நுனி ஒரு ரப்பர் பேண்டுக்குள் இருந்தது. அப்படியென்றால் கிளிப் பிடித்துக்கொண்டிருப்பது எதை? கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். நரம்பு அடியிலிருந்து ஏறி, கிளிப்புக்குள் புகுந்து, மறுபடி உருளைக்குப் போய், அதற்குமேல் ஏகப்பட்ட சுற்று சுற்றியிருந்தது.

"வெட்டாதே," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்த இயந்திரம் வாங்கினாலும் கூட வரும் குறிப்பேட்டைத் தொடமாட்டார்; படிப்பது நூலகத்தில் வேலை பார்க்கும் என் தலையில் விழும். ரீல் வாங்கிய அன்று நான் கட்டிலில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தேன். அவர் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுற்றவிட அடியில் ஒரு பொத்தான் உண்டு என்றதும், "பின்னாடி சுத்தினா மீன் மறுபடி தண்ணிக்குப் போயிடுமா?" என்றார். அடுத்தது கிளிப். மீன் மேயும் இடம் தெரிந்துவிட்டால் அங்கே ஒருமுறை வீசி, நரம்பு போய் நின்ற அளவில் அதைக் கிளிப்பில் மாட்டிவிட வேண்டும். பிறகு எத்தனை முறை வீசினாலும் அதே தூரத்தில் போய் நிற்கும். "லிஃப்ட் மாதிரின்னு சொல்லு. நாலாவது மாடின்னா நாலாவது மாடி. இதெல்லாம் வேலையத்தவன் பண்றது," என்று சொல்லிவிட்டு நகத்தைப் பொறுக்க ஆரம்பித்தார். நான் கோபித்துக்கொண்டு குறிப்பேட்டை மூடினேன்.

கேட்டிருக்கிறார். இருபத்தாறு வருடம் நான் சுவருக்குப் படிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். மனிதர் கேட்டிருக்கிறார்.

கடைசி மாதம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஏரிக்குப் போய், வெறுங்கையோடு, ஆனால் விசிலடித்துக்கொண்டு திரும்பினார். "அங்க ஒண்ணு இருக்கு. எடம் புடிச்சிட்டேன்," என்றார். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் ஆஸ்பத்திரி, எட்டே நாள்.

கொழுந்தனிடம் சொன்னேன், "உங்க அண்ணன் புடிச்ச எடம் எவ்வளவு தூரம்னு இதுக்குள்ள இருக்கு. கிளிப்புல இருந்து நரம்பு நழுவிட்டா போச்சு."

அவன் கத்தரிக்கோலை மெதுவாகக் கீழே வைத்தான். பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "அண்ணி, தூரம் தெரியாதே தவிர எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியும். ஏரியில ஒரு இரும்பு ஏணி இருக்கில்ல, அதை ஒட்டி நின்னு எதிர்க்கரை பம்ப் ரூமோட நீலக் கதவைப் பார்த்து வீசுவான். நான்கூடக் கேலி பண்ணேன், கதவைத் தட்டுறியான்னு."

தேநீரை இரண்டு பேருமே குடிக்கவில்லை. ஒரு சிவப்பு நூல்கண்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். வீசியதும், கிளிப்பிலிருந்து எடுப்பதற்கு முன்னால், நரம்பில் அந்த இடத்தில் இந்த நூலால் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டால் தூரம் என்றைக்கும் இருக்கும். ஸ்கூட்டரின் பின்னால் அவருடைய தூண்டில் கம்பைத் தோளில் சாய்த்து, ரீலை மடியில் வைத்து, கிளிப்பின்மேல் கட்டைவிரலை அழுத்திக்கொண்டே போனேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவனைத் திட்டினேன். "உங்களை உக்காரவச்சு ஓட்டுறதுக்கு முட்டைக் கூடையை ஏத்திட்டுப் போகலாம்," என்றான்.

ஏணி இருந்தது. நீலக் கதவும் இருந்தது. ரீலைக் கம்பில் மாட்டி, முள்ளில் இரையைக் கோத்து, ஈயக்குண்டு கட்டி, அவன் பின்னுக்குச் சாய்ந்து முழு பலத்தோடு வீசினான். நரம்பு காற்றில் போய்க்கொண்டே இருந்தது. பிறகு, தண்ணீருக்கு மேலேயே, யாரோ பிடித்து நிறுத்தியதுபோல் டக்கென்று நின்று நேராக விழுந்தது. வெறும் தண்ணீர், அங்கே ஒரு குமிழிகூட இல்லை. ஆனால் அதுதான் இடம். நான்காவது மாடி.

நாலைந்து சுற்றுச் சுற்றி நரம்பை விறைப்பாக்கிவிட்டு, "நீங்களே புடிங்க," என்று தூண்டிலை என்னிடம் கொடுத்தான். அந்தச் சந்தோஷத்தில் நூல்கண்டு பையிலேயே கிடந்தது. இரண்டு பேருக்கும் நினைவில்லை.

பத்து நிமிடம் இருக்கும். கம்பின் நுனி இரண்டு முறை தலையாட்டியது. அப்புறம் ரீல் கிர்ரென்று கத்தியது. என் கைக்குள் ஒரு உயிர் ஓடியது, வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நாலைந்து சுற்றும் போய்விட்டது. சத்தம் சட்டென்று நின்றது. நரம்பு கிளிப்பில் வந்து முட்டிக்கொண்டது. இனிமேல் கொடுக்க அதனிடம் எதுவும் இல்லை. கம்பு மட்டும் வளைந்துகொண்டே போனது.

குறிப்பேட்டில் அதற்கும் ஒரு வரி இருந்தது, நானே வாய்விட்டுப் படித்தது: பெரிய மீன் மாட்டினால் உடனே நரம்பைக் கிளிப்பிலிருந்து விடுவிக்கவும்.

"எடுக்காதீங்க அண்ணி," என்றான் கொழுந்தன். சற்றுமுன் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தவன். "மீன் போனாப் போகுது. தூரம் போயிடும்."

வெளுத்த நரம்பு காற்றில் ஒற்றைத் தந்தியாக முனகியது. அறுந்தால் தூரமும் போகும், அவர் பார்க்காத அந்த ஒரு மீனும் போகும். நான்கு ஞாயிற்றுக்கிழமை அவர் இங்கே நின்றது தூரத்துக்காகவா?

விறைத்த நரம்பைக் கிளிப்பிலிருந்து எடுக்க முடியாது, தொய்வு வேண்டும். செருப்போடு தண்ணீருக்குள் இறங்கினேன். ஒரு அடி, இரண்டு அடி. முழங்கால் நனைந்து சேலை கனத்தது. பின்னால் அவன், "பாத்து, பாத்து," என்று கூடவே இறங்குவது கேட்டது. கம்பை முன்னே நீட்டினேன். கண் இமைக்கும் நேரம் நரம்பு தளர்ந்தது. கட்டைவிரல் நகத்தால் கிளிப்பைத் தட்டினேன்.

ரீல் மறுபடி கத்த ஆரம்பித்தது. "விடுங்க, போகட்டும், போகட்டும்," என்றான் கொழுந்தன், அழுகிறானா சிரிக்கிறானா தெரியவில்லை. நான் உருளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளுத்த நரம்பு தீர்ந்து, அடியில் அத்தனை நாளும் வெயிலும் தண்ணீரும் படாமல் கிடந்த நரம்பு, கடையில் வாங்கிய அன்றிருந்த அதே பச்சையோடு, சுற்றுச் சுற்றாக அவிழ்ந்து நீலக் கதவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.